நீலசந்திராவுக்கு எட்டும் தொழிலா? பெங்களூரின் கணினி விளையாட்டுத் துறை, 1997–2025

நிரல் எழுதக் கற்கும் இளைஞர்களிடையே கணினி விளையாட்டு உருவாக்கம் அளவுக்கு ஆசையைத் தூண்டும் துறைகள் குறைவு. அவர்களுடைய வீடுகளில் அந்த அளவுக்கு ஐயத்தைக் கிளப்பும் துறைகளும் குறைவே. "அது பிழைப்புக்கு உதவுமா?" என்னும் கேள்விக்கு வழக்கமாக இரண்டு வகை விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, எங்கோ வெற்றி பெற்ற ஒருவரின் கதை. மற்றொன்று, முதலில் நிலையான வேலையைப் பார் என்னும் அறிவுரை. இவ்விரண்டையும் விட உறுதியான சான்று பெங்களூரில் இருக்கிறது. இத்துறை அந்நகரில் ஏறத்தாழ மூன்று தலைமுறை நிறுவனங்களைக் கண்டுவிட்டது. யார் எந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், நிறுவனங்கள் கைமாறியபோது என்ன எஞ்சியது, கற்கும் காலத்தின் செலவை யார் ஏற்றார்கள் என்று அந்த வரலாற்றிடம் கேட்க முடியும்.

அவ்வாறு கேட்பதற்கு நீலசந்திரா பொருத்தமான இடம். 1809இல் நிறுவப்பட்ட பெங்களூர்க் கண்டோன்மெண்டின் தென்புறத்தை ஒட்டி, ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிப்புரா ஆகியவற்றுக்கு அருகில் அமைந்த நெருக்கமான குடியிருப்பு அது. தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி. சென்னை இராணுவப் படையோடும் அதைச் சார்ந்த பணிகளோடும் கண்டோன்மெண்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இப்பகுதிகளில் வாழ்கின்றனர். ஈஜிப்புராவைக் கடந்தால் கோரமங்களா. ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். ஆயினும் ஒரு தொழில் அருகில் இருப்பதும், அது கைக்கு எட்டுவதும் வெவ்வேறு செய்திகள் என்பதைப் பெங்களூரின் தொழில் வரலாறு பலமுறை காட்டியுள்ளது.

அவ்வரலாற்றின் முந்தைய கட்டத்தை முதலில் நினைவுகூர வேண்டும். 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1948இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் ஹெச்.எம்.டி., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் எனப் பொதுத்துறை ஆலைகள் வரிசையாக வந்தன. கண்டோன்மெண்ட் பகுதித் தமிழர் பலர் இவ்வாலைகளில் தொழிலாளராகச் சேர்ந்தனர். இவ்வேலைகளின் ஒரு கூறு இங்கு முதன்மையானது. பள்ளிப் படிப்போ தொழிற்பயிற்சி நிலையச் சான்றிதழோ கொண்ட இளைஞர், ஆலைக்குள் பழகுநராக நுழைந்து, உதவித்தொகை பெற்றுக்கொண்டே கடைசல் எந்திரத்தையும் அளவுக் கருவிகளையும் பழகினார். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. கற்கும் காலத்துக்கான செலவில் பெரும்பங்கை ஆலை ஏற்றது.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையத்தைத் திறந்தபோது தொடங்கிய மென்பொருள் கட்டம் இந்த ஏற்பாட்டை மாற்றியது. நுழைவுக்குப் பொறியியல் பட்டமும் ஆங்கிலமும் தேவைப்பட்டன. பட்டம் வரையிலான செலவைக் குடும்பம் ஏற்றது. அதன் பின்னர் நிறுவனம் சில மாதப் பயிற்சியைச் சம்பளத்தோடு கொடுத்தது. கணினி விளையாட்டுத் துறை பிறந்தது இந்தச் சூழலில்தான்.

1997இல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் கணினி விளையாட்டு உருவாக்க நிறுவனமாகப் பொதுவாகக் கருதப்படுவது இதுவே. அடுத்த ஆண்டுகளில், பிரெஞ்சு நிறுவனமான இன்ஃபோகிராம்ஸுக்காக 'மிஷன்: இம்பாசிபிள்' விளையாட்டைக் கணினிக்கு மாற்றியமைக்கும் பணி அதற்குக் கிடைத்தது. ஓர் இந்தியக் குழு பன்னாட்டு வெளியீட்டாளரிடம் இத்தகைய பணியைப் பெற்றது அக்காலத்தில் பெருஞ்செய்தி. ஆனால் முழு விளையாட்டை உருவாக்கும் பாதையில் துருவா நெடுங்காலம் நிலைக்கவில்லை. வெளிநாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்குக் கலைப்பணி செய்து தருவதே அதன் முதன்மைத் தொழிலாயிற்று. மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்சா' பந்தய விளையாட்டு வரிசைக்கு அது கார் மாதிரிகளை உருவாக்கியது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

ஏன் இப்படி ஆயிற்று என்பதைப் புரிந்துகொள்ள வார்சா நகரத்தோடு ஒப்பிடலாம். போலந்தின் சி.டி. புரொஜெக்ட் 1994இல், துருவாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, வெளிநாட்டு விளையாட்டுகளை இறக்குமதி செய்து விற்கும் கடையாகத் தொடங்கியது. 1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலிஷ் மொழியாக்கத்தோடு வெளியிட்டு நல்ல விற்பனை கண்டது. உள்நாட்டு விற்பனையில் ஈட்டிய பணமும் அனுபவமும் கைவசம் இருந்ததால், 2007இல் தன் சொந்த விளையாட்டான 'தி விட்சர்' வெளிவரும் வரை பல ஆண்டுகள் அந்நிறுவனம் தாக்குப்பிடித்தது. அக்காலப் பெங்களூரில் வீட்டுக் கணினிகள் குறைவு; இருந்தவற்றிலும் நகலெடுத்த குறுவட்டுகளே ஓடின. விலை கொடுத்து விளையாட்டு வாங்கும் உள்நாட்டுச் சந்தை இல்லாத நகரில், மாதச் சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஒப்பந்தமே வாழ்வாதாரம். திறமைக் குறைவால் நேர்ந்ததாக இதைக் கொள்ள இயலாது. துருவா தன் எல்லையைத் தாண்டவும் முயன்றது. திறன்பேசிகளுக்கு முந்தைய கைப்பேசிக் காலத்தில் சார்லி சாப்ளின் உருவத்தைக் கைப்பேசி விளையாட்டுகளில் பயன்படுத்தும் உரிமையை அது பெற்றிருந்தது. தாமஸ் ஃபிரீட்மன் 2005இல் வெளியிட்ட 'தி வேர்ல்ட் இஸ் ஃபிளாட்' நூலில் ராஜேஷ் ராவுக்கு இடம் கிடைத்ததற்கு இத்துணிவும் ஒரு காரணம்.

நிரலாளராக விரும்புவோர் இந்த முதல் கட்டத்திலிருந்து கவனிக்க வேண்டியது வேலைகளின் வகையை. ஒரு காரின் முப்பரிமாண மாதிரியைச் செய்வது, அதற்கு நிறமும் ஒளியும் பொருந்திய மேற்பரப்பு தருவது, தரச் சோதனை செய்வது ஆகிய பணிகளைப் பிரித்துத் தொலைதூரத்துக்கு அனுப்புவது எளிது. விளையாட்டின் இயக்க விதிகள், இயற்பியல் கணிப்பு, பின்னணி இயந்திரம் ஆகியவற்றின் நிரல், வடிவமைப்பாளரோடு அன்றாடம் உரையாடி மாற்றப்பட வேண்டியது. ஆகவே அது பெரும்பாலும் தாய்நிறுவனத்திலேயே தங்கியது. பெங்களூரின் விளையாட்டுத் துறை கலைஞர்களுக்கு வாசலைத் திறந்த அளவுக்கு நிரலாளர்களுக்குத் திறக்காததற்கு இந்த வேலைப் பிரிவினையே காரணம். விளையாட்டுத் துறை வளர்கிறது என்னும் பொதுவான கூற்றுக்குள் இந்த வேறுபாடு இன்றும் மறைந்து கிடக்கிறது.

நிரலாளர்களுக்கான அலை 2010இல் வந்தது. முகநூல் விளையாட்டுகளால் புகழ்பெற்ற ஜிங்கா, அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அலுவலகத்தை அவ்வாண்டு பெங்களூரில் திறந்தது. ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் ஆடும் விளையாட்டுகளுக்கு வழங்கிகளை எழுதுவது, ஆடுவோரின் நடத்தையைத் தரவாக அளப்பது, வாரந்தோறும் விளையாட்டை மாற்றி வெளியிடுவது ஆகியவை அங்குள்ள குழுக்கள் பழகிய தொழில்கள். நகரின் மென்பொருள் துறை ஏற்கெனவே அறிந்த தொழில்களுக்கு இவை மிக நெருக்கமானவை. அங்கே பணியாற்றிய சிலர் வெளியேறி 2013இல் மூன்ஃபிராக் லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் 'தீன் பத்தி கோல்ட்' பெருவெற்றி கண்டது. 2016இல் ஜியோவின் வருகையால் இணையத் தரவின் விலை வீழ்ந்தபோது, முன்பு இல்லாதிருந்த உள்நாட்டுச் சந்தை திறன்பேசி வழியே பிறந்தது. 2021இல் சுவீடனின் ஸ்டில்ஃபிரண்ட் குழுமம் மூன்ஃபிராக்கை வாங்கியது.

அந்தச் சந்தை எதை விரும்பியது என்பதும் கவனத்துக்குரியது. சீட்டாட்டமும், தாயத்தின் உறவினரான லூடோவுமே இந்தியத் திறன்பேசிகளில் பெருவாரியாக ஆடப்பட்டன. பாட்டி திண்ணையில் ஆடியதைப் பேரன் பேருந்தில் ஆடினான். நெடுங்கதை கொண்ட பெரு விளையாட்டுகளைக் கனவு கண்டு துறைக்குள் வரும் இளைஞர், நடைமுறையில் சீட்டுகளைக் கலைக்கும் நிரலை ஏமாற்ற இயலாதபடி பாதுகாப்பதில் பல ஆண்டுகளைச் செலவிடக்கூடும். அதில் தாழ்வு ஏதும் இல்லை. அது கடினமான பொறியியல். ஆயினும் கனவுக்கும் பணிக்கும் உள்ள தொலைவை முன்கூட்டியே அறிந்து வருபவர் நிலைக்கிறார்.

இதற்கிடையில் முதல் தலைமுறை நிறுவனத்தின் கதை ஒரு திருப்பத்தை அடைந்தது. 2016 டிசம்பரில் சுவீடனின் ஸ்டார்பிரீஸ், துருவாவின் 90.5 விழுக்காட்டுப் பங்குகளை 85 இலட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் ஸ்டார்பிரீஸ் கடும் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, நீதிமன்ற மேற்பார்வையில் மறுசீரமைப்புக்கு உட்பட்டது. 2019 மே மாதத்தில் அது துருவாவை 79 இலட்சம் டாலருக்கு ராக்ஸ்டார் கேம்ஸிடம் விற்றது. 2016 முதல் பெங்களூரில் இயங்கிவந்த ராக்ஸ்டார் இந்தியாவோடு துருவாவின் பணியாளர்கள் இணைந்தனர். ஒருங்கிணைந்த அமைப்பில் 500க்கும் மேற்பட்டோர் இருப்பர் என அப்போது கூறப்பட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகள் நின்ற ஒரு பெயர் இவ்வாறு மறைந்தது. ஆனால் வாங்கியவர் எதை வாங்கினார் என்று பார்க்க வேண்டும். துருவாவிடம் உலகறிந்த சொந்த விளையாட்டு இல்லை. அதனிடம் இருந்தது இருபதாண்டுப் பழக்கம் ஏறிய கைகள். ஜிங்காவிலிருந்து மூன்ஃபிராக்குக்கு, துருவாவிலிருந்து ராக்ஸ்டாருக்கு என நிறுவனம் கடந்து சென்றது திறன் மட்டுமே. உரிமையாளர்கள் மாறினார்கள், விளையாட்டுகள் வழக்கொழிந்தன, தொழில் தெரிந்தவர் அடுத்த கட்டடத்துக்கு நடந்தார். பெங்களூர் வரலாறு தரும் முதல் விடை இது: தனி நிறுவனத்தை நம்பி இத்துறைக்கு வர இயலாது, பெயர்த்துக் கொண்டுபோகக்கூடிய திறனை நம்பி வர இயலும்.

எல்லா அலைகளும் இவ்வாறு திறனை விட்டுச் செல்லும் என்று சொல்லிவிடவும் முடியாது. 2018 முதல் பணம் கட்டி ஆடும் ரம்மி, போக்கர், கற்பனை அணி விளையாட்டுகள் பெரும் முதலீட்டை ஈர்த்தன. அவ்வாண்டு பெங்களூரில் தொடங்கிய மொபைல் பிரீமியர் லீக் அவற்றுள் முன்னணி வகித்தது. இத்தொழில் முதலிலிருந்தே சட்டத்தின் விளிம்பில் நின்றது. 2021இல் கர்நாடகம் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நீக்கியது. தமிழ்நாட்டின் முதல் தடைச் சட்டமும் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. கடனில் சிக்கியோரின் தற்கொலைகள் விவாதமான பின்னணியில் 2022இல் இரண்டாவது சட்டம் இயற்றப்பட்டது. 2023 அக்டோபரில் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுதும் தடை செய்தது. மசோதா மக்களவையில் நிறைவேறியதிலிருந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வரை மூன்றே நாள்கள். சில நாள்களில் மொபைல் பிரீமியர் லீக் தன் இந்தியப் பணியாளர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரைக் குறைப்பதாகச் செய்தி வந்தது.

இந்நிகழ்வின் பொருளை மாணவர்கள் பிரித்தறிய வேண்டும். 'கேமிங்' என்னும் ஒற்றைச் சொல் விளையாட்டை உருவாக்கும் தொழிலையும், பணயம் வைத்து ஆடவைக்கும் தொழிலையும், போட்டியாக ஆடும் தொழிலையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிட்டது. வளர்ச்சி விகிதமாகவும் முதலீட்டுத் தொகையாகவும் நாளேடுகளில் வெளியான எண்களில் கணிசமான பங்கு பணய விளையாட்டைச் சார்ந்தது. அவ்வெண்களைக் காட்டி விளையாட்டு உருவாக்கப் படிப்புகளை விற்ற விளம்பரங்கள், இல்லாத சந்தையைக் காட்டி ஆள் சேர்த்தன என்றே சொல்ல வேண்டும்.

உலக அளவிலும் இத்தொழில் மெத்தையான இருக்கை அன்று. 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி பெயர் வெளியிடாமல் எழுதிய பதிவு, வெளியீட்டு நெருக்கடியில் ஓய்வின்றி வேலை வாங்கப்படுவதை உலகறியச் செய்தது. அதையொட்டிய காலத்தில் கூடுதல் நேர ஊதியம் கோரிய வழக்குகளில் அந்நிறுவனம் கலைஞர்களுக்கு 1 கோடியே 56 இலட்சம் டாலரும் நிரலாளர்களுக்கு 1 கோடியே 49 இலட்சம் டாலரும் கொடுத்துத் தீர்வு கண்டது. 2018இல் ராக்ஸ்டாரின் இணை நிறுவனர் ஒருவர் வாரம் 100 மணி நேரம் உழைத்ததாகக் குறிப்பிட்டது கடும் விவாதமாயிற்று. அது எழுத்துக்குழுவினர் சிலரை மட்டுமே குறித்தது எனப் பின்னர் விளக்கினார். 2024 ஜனவரியில் மட்டும் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவு 1,900 பேரையும் யூனிட்டி 1,800 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் உலகெங்கும் 20,000க்கும் மேற்பட்ட விளையாட்டுத் துறைப் பணியிடங்கள் பறிபோனதாக மதிப்பீடுகள் கூறுகின்றன. ஒப்பந்தப் பணியை நம்பிய பெங்களூர் இந்த அலையின் வெளியே நிற்க இயலாது.

சரி, நிறுவனம் வேண்டாம், சொந்தமாக உருவாக்கலாம் என்போருக்குக் கருவிகள் இன்று கைக்கு எட்டும். யூனிட்டி 2009இல் இலவசப் பதிப்பைத் தந்தது. கோடோ 2014இல் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. அன்ரியல் என்ஜின் 2015இல் கட்டணமின்றிக் கிடைத்தது. துருவா தொடங்கிய ஆண்டில் பெரும் பணம் தேவைப்பட்ட கருவிகளை இன்று நீலசந்திராவின் ஓரறை வீட்டில் ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவலாம். 2020இல் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட 'ராஜி' உலக விமர்சகர்களின் கவனத்தைப் பெற்றது. இந்தியக் குழுவால் முடியாது என்னும் வாதம் அதோடு தீர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் கருவி கிடைத்ததால் போட்டியும் எல்லோரோடும் ஆயிற்று. ஸ்டீம் தளத்தில் 2024இல் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. முன்பு செலவு கருவிகளுக்கு ஆனது. இன்று அது ஊதியமற்ற காலத்துக்கு ஆகிறது. ஒரு சிறு விளையாட்டை முடித்து விற்பதற்கு ஆகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகையும் சோறும் யார் தருவது என்பதே இன்றைய நுழைவுத் தேர்வு.

அரசு இதை அறியாமல் இல்லை. அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, காமிக்ஸ் ஆகியவற்றுக்கெனத் தனிக் கொள்கையை 2012இல் வெளியிட்டு, இந்தியாவில் அதைச் செய்த முதல் மாநிலமாயிற்று கர்நாடகம். அக்கொள்கை இருமுறை புதுப்பிக்கப்பட்டு இப்போது 2024–29 காலத்துக்கு நடப்பில் உள்ளது. 2021இல் மகாதேவபுராவில் இத்துறைக்கான சிறப்பு மையம் திறக்கப்பட்டது. 2022 ஒன்றிய வரவு செலவுத் திட்டம் பணிக்குழு ஒன்றை அறிவித்தது. இவை பயனுள்ள முயற்சிகள். எனினும் ஆலைகளின் காலத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு துலங்குகிறது. அன்று கற்பவருக்கு உதவித்தொகை கிடைத்தது. இன்று தனியார் பயிற்சி நிலையங்களில் கற்பவரே கட்டணம் செலுத்துகிறார். அதன் பிறகு தன் திறனைக் காட்டும் படைப்புத் தொகுப்பை உருவாக்கவும் சொந்தச் செலவில் காலம் ஒதுக்குகிறார். கற்கும் காலத்தின் சுமை ஆலையிலிருந்து குடும்பத்தின் தோளுக்கு மாறிவிட்டது. கோரமங்களாவின் வசதியான வீட்டுக்கு அது தாங்கக்கூடிய சுமை. ஈஜிப்புராவுக்கு இப்பால், தையல் எந்திரமோ ஆட்டோவோ ஓடி நடக்கும் வீட்டுக்கு அது கடன்.

ஆகவே இத்தொழில் நடைமுறைக்கு ஒத்ததா என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை நிபந்தனையோடு கூடிய ஆம். வேலை இருக்கிறது, இருபத்தெட்டு ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் நிரலாளருக்கான பங்கு, துறையின் மொத்த அளவைக் காட்டும் எண்களை விடச் சிறியது. அதற்குள் நுழைவோருக்கு உதவுவது ஒரு குறிப்பிட்ட கருவியின் பொத்தான்கள் அல்ல. யூனிட்டி 2023இல் திடீரென நிறுவல் கட்டணத்தை அறிவித்து, எதிர்ப்பின் பின் மறு ஆண்டு கைவிட்டதைக் கண்டவர்கள் ஒற்றைக் கருவிச் சார்பின் இடரை அறிவர். சி பிளஸ் பிளஸ் போன்ற மொழியில் ஆழம், நேரியல் இயற்கணிதம், வலையமைப்பு, தரவு அமைப்புகள் ஆகியவை விளையாட்டு நிறுவனம் மூடப்பட்டாலும் வங்கிக்கோ வாகன மென்பொருளுக்கோ எடுத்துச் செல்லத்தக்கவை. சிறிதாயினும் முடித்து வெளியிட்ட ஒரு விளையாட்டு, முடிக்காத பத்துத் திட்டங்களை விட வேலை தேடும்போது கூடுதலாகப் பேசும். முதல் சம்பளத்தைச் சொந்த விளையாட்டின் விற்பனையிலிருந்து எதிர்பார்ப்பதற்கு மட்டும் இவ்வரலாற்றில் ஆதரவு மிகக் குறைவு.

மாணவருக்கான அறிவுரையோடு இது நின்றுவிடக் கூடாது. தொழில் பழகுநர் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. வரிச் சலுகையும் மானியமும் பெறும் விளையாட்டு நிறுவனங்கள், ஒவ்வோராண்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களை உதவித்தொகையோடு எடுக்க வேண்டும் என்னும் நிபந்தனையை மாநிலக் கொள்கை விதிக்க முடியும். நீலசந்திராவின் அரசுப் பள்ளியில் படித்து மாலைநேரக் கல்லூரியில் நிரல் கற்கும் பெண்ணுக்கு அந்த நிபந்தனை தரக்கூடிய இரண்டாண்டுகளை, எந்த இலவச மென்பொருளும் தந்துவிடாது.